மாத்திரை போட்டாச்சா?

1858-ஆம் ஆண்டு லிவர்பூலில் நடந்த ஒரு சமூக அறிவியல் மாநாட்டில் வில்லியம் ஃபார் ஒரு கட்டுரை வாசித்தார். லண்டனில் பிறப்பு, இறப்பு, திருமணங்களைப் பதியும் தலைமை அலுவலகத்தில் எண்களைத் தொகுத்து அலசுவது அவர் வேலை. யார் எந்த நோயில் இறந்தார்கள் என்பதை ஒழுங்காக வகைப்படுத்தி எழுதும் பழக்கத்தை இங்கிலாந்துக்கு ஏற்படுத்திக் கொடுத்தவர்களில் முக்கியமானவர். அன்று அவர் எடுத்துக்கொண்டது பிரான்ஸ் நாட்டுக் கணக்கு. ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பேரை மூன்றாகப் பிரித்தார்: மணமானவர்கள், மணமாகாதவர்கள், துணையை இழந்தவர்கள். பிறகு வயதுவாரியாக, ஒவ்வொரு கூட்டத்திலும் ஆண்டுக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று பார்த்தார்.

மணமானவர்கள் குறைவாக இறந்தார்கள். மணமாகாதவர்கள் அவர்களைவிட அதிகம் இறந்தார்கள். துணையை இழந்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். கணக்கு இடறியது ஓரிடத்தில்தான். இருபது வயதுக்குள் மனைவியான பெண்கள், அதே வயதில் மணமாகாத பெண்களைப் போல இரண்டு மடங்கு இறந்திருந்தார்கள். பிரசவமே உயிருக்கு ஆபத்தாக இருந்த காலம் என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் இருபது வயதுக்குட்பட்ட கணவர்களும் மிக அதிகமாக இறந்திருந்தார்கள். அவர்களுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

இந்த விதிவிலக்கை அப்புறம் பலர் மறந்துவிட்டார்கள். திருமணம் ஆயுளைக் கூட்டும் என்ற பகுதி மட்டும் நிலைத்துவிட்டது. அது பொய்யும் அல்ல. நூற்று அறுபது ஆண்டுகளாக எந்த நாட்டில் எண்ணிப் பார்த்தாலும் பெரும்பாலும் அதே வரிசைதான் வருகிறது. 2018-இல் 'ஹார்ட்' என்ற மருத்துவ இதழ் 34 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய கட்டுரை ஒன்றை வெளியிட்டது. இருபது லட்சத்துக்கும் அதிகமானவர்களின் விவரம் அதில் இருந்தது. மணவாழ்வில் இருப்பவர்களோடு ஒப்பிட்டால், மணமாகாதவர்கள், விவாகரத்து ஆனவர்கள், துணையை இழந்தவர்கள் ஆகியோருக்கு இதயம், ரத்தக்குழாய் நோய்கள் வரும் வாய்ப்பு 42 சதவீதம் கூடுதல்.

புற்றுநோய்க் கணக்கு இதைவிட ஆச்சரியம். அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரை பத்து வகைப் புற்றுநோய்களில் ஒன்று கண்டறியப்பட்ட ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் ஒரு கட்டுரை வந்தது. நோய் உடம்பெங்கும் பரவிய பிறகு மருத்துவமனைக்கு வந்தவர்கள் மணமானவர்களில் குறைவு. நோய்க்கு உரிய முதன்மைச் சிகிச்சையை எடுத்துக்கொண்டவர்கள் அவர்களில்தான் அதிகம். அந்த நோயால் இறக்கும் வாய்ப்பும் அவர்களுக்குச் சுமார் 20 சதவீதம் குறைவு. மார்பகம், பெருங்குடல் உள்ளிட்ட சில புற்றுநோய்களில் இந்த வித்தியாசம், கீமோதெரபியால் கிடைப்பதாகப் பதிவான ஆயுள் ஆதாயத்தைவிடப் பெரிதாக இருந்தது. பத்திரிகைகள் சும்மா விடுமா? கல்யாணமே மருந்து என்று தலைப்புப் போட்டன.

எனக்கு இத்தகைய தலைப்புகளைக் கண்டாலே முதலில் டார்வின் நினைவுதான் வரும். ஃபார் போட்ட கணக்கையும், ஸ்காட்லாந்தில் ஸ்டார்க் என்ற மருத்துவர் போட்ட அதே மாதிரிக் கணக்கையும் அவர் ஊன்றிப் படித்திருந்தார். உடலுக்குக் கேடு செய்யும் தொழில்களைவிடப் பிரமச்சரியம் ஆபத்தானது என்கிற அளவுக்குப் போயிருந்தார் ஸ்டார்க். 1871-இல் வந்த மனிதத் தோற்றம் பற்றிய தன் நூலில் டார்வின் நிதானமாக ஒரு சந்தேகம் கிளப்பினார். குடிகாரர்களும் குற்றவாளிகளும் பெரும்பாலும் கல்யாணம் செய்துகொள்வதில்லை. நோஞ்சான்கள் தாமாகவே ஒதுங்கிவிடுகிறார்கள், அல்லது பெண் கிடைப்பதில்லை. ஆக, ஆரோக்கியமாக இருப்பவர்கள் மணமானவர்களின் வரிசைக்குப் போய்விடுகிறார்கள். சீக்கிரம் சாகக்கூடியவர்கள் மணமாகாதவர்களின் வரிசையில் தங்கிவிடுகிறார்கள். எண்களில் தெரிவது திருமணத்தின் பலன்தானா, சலித்து எடுத்ததன் பலனா?

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்துத் தெருவில் பெண் வீட்டார் செய்கிற விசாரணையே இதுதான். பையன் குடிப்பானா, வேலை நிரந்தரமா, அப்பாவுக்குச் சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்ததாமே, குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு உண்டா? ஆயுள் காப்பீட்டு நிறுவனம் கேட்கிற கேள்விகளில் பாதியை அத்தைமார்களும் மாமாக்களும் கேட்டு முடித்துவிடுகிறார்கள். இதில் தேறியவன் எழுபது வயதுவரை வாழ்ந்தால் அந்தப் பெருமை முழுவதும் தாலிக்குச் சேருமா?

டார்வின் இந்தச் சந்தேகத்தைத் திருமணத்தின்மேல் வெறுப்பில் எழுதவில்லை. 1838-இல், மணம் செய்வதா வேண்டாமா என்று காகிதத்தில் இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்தவர் அவர். நேரம் வீணாகும், புத்தகம் வாங்கப் பணம் மிஞ்சாது என்பதெல்லாம் ஒரு பக்கம். வயதான காலத்தில் துணை என்பது மறுபக்கம். அந்தத் துணையை ஒரு நாயோடு ஒப்பிட்டு வேறு எழுதியிருந்தார். அடுத்த ஜனவரியில் எம்மாவை மணந்தார். பின்னர் ஆயுள் முழுக்கத் தீராத உடல்நலக் குறைவு. எம்மா அவருக்கு நாவல்களை வாய்விட்டு வாசித்துக் காட்டினார், நோயில் பார்த்துக்கொண்டார், மாலையில் அவரோடு உட்கார்ந்து பேக்கேமன் என்ற பகடையாட்டம் ஆடினார். 1876-இல் நண்பர் ஆசா கிரேவுக்கு எழுதிய கடிதத்தில் டார்வின் குதூகலமாக ஸ்கோர் சொல்கிறார்: எம்மா 2490 ஆட்டம், தான் 2795. நோஞ்சான்களுக்கு மணமாவது கடினம் என்று எழுதிய மனிதர், நோயோடு எழுபத்து மூன்று வயதுவரை வாழ்ந்தார். அவர் பக்கத்திலேயே இருந்து கவனிக்க ஒருவர் இருந்தார். அவர் சந்தேகம் சலித்தலுக்குச் சாட்சி என்றால், அவர் வாழ்க்கை துணையின் பலனுக்குச் சாட்சி.

சலித்து எடுத்ததையும் உண்மையான பலனையும் பிரிப்பது எப்படி? மருந்தைச் சோதிப்பதுபோல ஆயிரம் பேரைச் சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்குக் கல்யாணம் செய்துவைக்க முடியாது. ஒரே ஆட்களை, மணத்துக்கு முன்னும் பின்னும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பதுதான் வழி. பிலிப்பைன்ஸின் செபு நகரில் அப்படி ஒரு நல்ல வாய்ப்பு அமைந்தது. 624 இளைஞர்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவை அவர்கள் 21 வயதை ஒட்டி இருந்தபோது எடுத்தார்கள். நாலரை ஆண்டுகள் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். தொடக்கத்தில் அந்த ஹார்மோன் அதிகமாக இருந்த தனியாட்கள்தான் பிற்பாடு துணை தேடித் தந்தையானவர்களில் அதிகம். இது சலித்தல். ஆனால் அப்படித் தந்தையானவர்களிடம் அதே ஹார்மோன் மளமளவென்று சரிந்திருந்தது. தனியாகவே இருந்தவர்களிடம் ஏற்பட்ட சரிவைவிட இரு மடங்குக்கும் மேல். தினமும் சில மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்ட அப்பாக்களிடம் அளவு இன்னும் குறைவு. இது பலன். ஒரே கணக்கேட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன.

மகிழ்ச்சி விஷயத்தில் முடிவு கொஞ்சம் சப்பென்று இருக்கும். ஜெர்மனியில் 24,000-க்கும் மேற்பட்டவர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், மணத்தை ஒட்டி மனநிறைவு சற்றே ஏறிச் சில ஆண்டுகளில் பழைய இடத்துக்கே இறங்கியது. மணம் செய்துகொண்டவர்கள் முதலிலிருந்தே கொஞ்சம் சந்தோஷமான ஆட்கள். பிரிட்டன் தரவுகளை அலசிய ஷான் குரோவரும் ஜான் ஹெலிவெலும் பலன் இப்படிக் கரைந்துவிடுகிறது என்பதை ஏற்கவில்லை. நடுவயதில் எல்லாருக்கும் மனம் தொய்யும்போது மணமானவர்களுக்குத் தொய்வு குறைவு என்கிறார்கள். வாழ்க்கைத் துணையே நெருங்கிய நண்பராகவும் இருப்பவர்களுக்கு ஆதாயம் சுமார் இரண்டு மடங்கு என்றும் கண்டார்கள்.

சரி, பலன் கொஞ்சமாவது உண்டு என்று வைத்துக்கொண்டால், அது உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது? சர்க்கரை நோய் மருத்துவர் ஒருவரின் அறைக்கு வெளியே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் பாதி விடை கிடைத்துவிடும். உள்ளே டாக்டர் கேட்பார்: "காலைல என்னென்ன மாத்திரை போடுறீங்க?" கணவர் பக்கத்தில் திரும்புவார்: "ஏம்மா, காலைல எது?" அந்த அம்மா பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட அட்டைகளை எடுத்து மேசையில் பரப்புவார். "இது சாப்பாட்டுக்கு முன்னாடி, இது பிரஷருக்கு. ராத்திரி போடறத வாரத்துல ரெண்டு நாள் மறந்துடுறாங்க டாக்டர். கால்ல ஒரு புண்ணு இருக்கு, அதையும் பாருங்க. சொல்லவே மாட்டாங்க." கணவர் முறைப்பார். கால் புண்ணை டாக்டர் பார்ப்பார்.

அமெரிக்கச் சமூகவியலாளர் டெப்ரா அம்பர்சன் 1980-களிலிருந்து இதைத்தான் ஆராய்ந்தார். மணமானவர்களிடம், குறிப்பாக ஆண்களிடம், உடலைக் கெடுக்கும் பழக்கங்கள் குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம், அவர்களை யாரோ கண்காணிக்கிறார்கள் என்பது. "உன் உடம்பை நீ கவனிக்கும்படி யார் சொல்கிறார்கள்?" என்று கேட்டபோது, மணமான ஆண்களில் பெரும்பாலோர் மனைவியைச் சொன்னார்கள். மணமான பெண்கள் கணவரைச் சொன்னது அவ்வளவு இல்லை. நம் வீடுகளில் இதற்கு நச்சரிப்பு என்று பெயர். கீமோதெரபியோடு போட்டி போட்ட அந்த ஆதாயத்தில் ஒரு பெரும் பங்கு இதுவாக இருக்கலாம் என்பது என் எண்ணம். அந்தப் புற்றுநோய்க் கட்டுரையிலும் நோய் முற்றுமுன் மருத்துவமனைக்கு வந்ததும் உரிய சிகிச்சையை எடுத்துக்கொண்டதும்தான் முதலில் நிற்கின்றன. பலனும் ஆண்களுக்குத்தான் கூடுதலாகக் கிடைத்தது.

நச்சரிப்பு மட்டும் முழுக்கதை அல்ல. 2006-இல் ஜேம்ஸ் கோனும் சக ஆய்வாளர்களும் மணவாழ்வில் நிறைவாக இருந்த பதினாறு பெண்களை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்தார்கள். கணுக்காலில் லேசான மின்னதிர்ச்சி தரும் ஒயர். திரையில் குறி ஒன்று தோன்றினால் அடுத்த சில நொடிகளில் அதிர்ச்சி வர ஐந்தில் ஒரு வாய்ப்பு; வேறு குறியென்றால் பயமில்லை. ஒரு முறை கையைப் பிடிக்க யாரும் இல்லை, ஒரு முறை முன்பின் தெரியாத ஆண், ஒரு முறை கணவர். யார் பிடித்தாலும் மூளையின் அபாய மணி கொஞ்சம் தணிந்தது. கணவர் பிடித்தபோது அதிகம் தணிந்தது. மணவாழ்வு எவ்வளவு நன்றாக இருக்கிறதென்று சொல்லியிருந்தார்களோ அந்த அளவுக்குத் தணிவும் கூடியது. பதினாறு பேர் மிகச் சிறிய எண்ணிக்கைதான்.

எனக்குப் பிடித்த சோதனை ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. செய்தவர்களும் ஒரு தம்பதி: உளவியலாளர் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர், நோயெதிர்ப்பியலாளர் ரொனால்ட் கிளேசர். ஆரோக்கியமான 42 தம்பதிகளை மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் ஒரு நாள் முழுக்கத் தங்கவைத்தார்கள். முன்கையில் உறிஞ்சும் கருவியைப் பொருத்தி, சிறுசிறு கொப்புளங்களை எழுப்பி, மேல்தோலை நீக்கினார்கள். புண்கள் எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே ஆழம். அப்புறம் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆதரவாகப் பேசவேண்டும். இரண்டு மாதம் கழித்து இன்னொரு நாள், மறுபடியும் புண்கள். இந்த முறை அவர்கள் வீட்டில் எப்போதும் சண்டை வருகிற விஷயம் எதுவோ, அதைப் பேசவேண்டும். பணம், மாமியார் வீடு, அந்த மாதிரி. உரையாடல் முழுவதையும் வீடியோ எடுத்து, எங்கே குத்தல் பேச்சு, எங்கே ஏளனம் என்று பிற்பாடு குறித்தார்கள். அதன்பின் நாள்தோறும் புண் ஆறுகிறதா என்று அளந்தார்கள்.

சண்டை விஷயத்தைப் பேசிய பிறகு எல்லாருக்குமே புண் ஆறச் சுமார் ஒரு நாள் அதிகமாயிற்று. இரண்டு நாளும் வெடுக்வெடுக்கென்று பேசிக்கொண்ட தம்பதிகளுக்கோ, இதமாகப் பேசியவர்களின் வேகத்தில் 60 சதவீத வேகத்தில்தான் புண் ஆறியது. காரணம் ரத்தத்திலும் புண்ணிலும் தெரிந்தது. புண் ஆற, சைட்டோகைன் என்னும் சைகைப் புரதங்கள் புண்ணுக்குள் சேரவேண்டும். சண்டைப் பேச்சுக்குப் பிறகு அவை புண்ணில் குறைந்திருந்தன; பகைமை மிகுந்த தம்பதிகளிடம் ரத்தத்தில் மற்றவர்களைவிட அதிகரித்திருந்தன. வேலை செய்யவேண்டிய இடத்தில் ஆள் இல்லை. ஊர் முழுக்கக் கூட்டம். ரத்தத்தில் இவை நீண்டகாலம் உயர்ந்திருப்பது இதய நோயோடும் சர்க்கரை நோயோடும் தொடர்புடையது. அரை மணி நேரப் பேச்சு முன்கைத் தோலில் இத்தனை செய்யுமென்றால், முப்பது ஆண்டுப் பேச்சு?

ஸ்டாக்ஹோமில் அதைப் பார்த்தார்கள். மாரடைப்போ கடுமையான நெஞ்சுவலியோ வந்து மருத்துவமனையில் சேர்ந்த 292 பெண்களைக் கிட்டத்தட்ட ஐந்தாண்டுகள் தொடர்ந்தார்கள். துணையோடு கடும் மனவுளைச்சலில் இருந்தவர்களுக்கு இதயச் சிக்கல் திரும்பவும் வரும் ஆபத்து மற்றவர்களைப்போல 2.9 மடங்கு. வேலையிடத்து உளைச்சலால் அப்படி எதுவும் கூடவில்லை. ஆபீஸ் டென்ஷன்தான் மாரடைப்புக்குக் காரணம் என்று பழகிப்போன நமக்கு இந்த முடிவு உறைக்கவேண்டும்.

ஆக, மணப்பலனைப் பற்றிய எண்களை ஆண்-பெண் என்று பிரிக்காமல் படிப்பதே தப்பு என்று நினைக்கிறேன். ஒவ்வொரு மணத்துக்குள்ளும் கணவனுடைய மணம், மனைவியுடைய மணம் என்று இரண்டு இருக்கின்றன என்று சமூகவியலாளர் ஜெஸ்ஸி பெர்னார்ட் 1972-லேயே வாதிட்டார். ஆணுக்குப் பெரும்பாலும் மணமாகியிருப்பதே பலன் தருகிறது. பெண்ணுக்கு அந்த மணம் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்துத்தான் பலன். கவனிப்பு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதிலேயே விஷயம் இருக்கிறது. இந்தியாவில் 2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரி 299 நிமிடம். வீட்டு வேலை செய்வதாகச் சொன்ன ஆண்களின் சராசரி 97 நிமிடம். 2016-இல் உலகில் தற்கொலையால் இறந்த பெண்களில் ஏறத்தாழ 37 சதவீதம் பேர் இந்தியப் பெண்கள் என்று 2018-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அவர்களில் மிகப் பெரும் பங்கு மணமானவர்கள். மேற்கு நாடுகளில் கேடயமாகத் தெரியும் ஒன்று, சிறு வயதுத் திருமணமும் வீட்டு வன்முறையும் கையில் காசில்லாமையும் சேர்ந்த இடத்தில் கேடயமாக இருப்பதில்லை. ஃபாரின் கணக்கில் இருபது வயதுக்குள் இறந்த மனைவியரை யாரும் மறந்திருக்கக் கூடாது.

கவனிப்புதான் சரக்கு என்பது, அது நின்றுபோகும்போது நன்றாகத் தெரிகிறது. இங்கிலாந்தில் மனைவியை இழந்த, 55 வயதுக்கு மேற்பட்ட 4486 ஆண்களைக் காலின் மரே பார்க்ஸும் அவர் சகாக்களும் தொடர்ந்து கவனித்து 1969-இல் எழுதினார்கள். முதல் ஆறு மாதத்துக்குள் 213 பேர் இறந்துவிட்டார்கள். அதே வயதில் மனைவியோடு இருந்தவர்களிடம் எதிர்பார்க்கக்கூடியதைவிட 40 சதவீதம் கூடுதல். பெரும்பாலும் இதய நோய். அதற்குப் பிறகு அந்த விகிதம் மெல்ல மெல்லச் சாதாரண நிலைக்கு வந்தது. ஆறு மாதத்தில் அந்த வீட்டில் என்னென்ன நின்றிருக்கும் என்று யோசித்தால் மனமுடைவு என்ற ஒற்றைக் காரணம் போதாது என்று தோன்றும். நேரத்துக்குச் சாப்பாடு, மாத்திரை, "எங்கே இன்னும் காணோம்" என்று வாசலுக்கு வருகிற ஆள் எல்லாம் ஒரே நாளில் நின்றிருக்கும்.

பெண்களிடம் இந்த உயர்வு பொதுவாகக் குறைவு. அதற்காக விதவைகளுக்கு ஒன்றுமில்லை என்று முடிவுகட்ட முடியாது. வங்காளதேசத்து மத்லப் பகுதிக் கிராமங்களில் நடந்த ஆய்வில், கணவரோடு இருந்த மூதாட்டிகளைவிட விதவைகள் அதிகம் இறந்தார்கள். ஆனால் வளர்ந்த மகனோடு இருந்தவர்கள், அல்லது தானே குடும்பத் தலைவியாக இருந்தவர்கள் நிலைமை மேலாக இருந்தது. வேறு உறவினர் வீட்டில் ஒண்டியிருந்தவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். அங்கே கணவரோடு சேர்ந்து போனது சோறும் நிலமும் பேச்சுரிமையும்.

கவனிக்கும் அந்த ஆள் கணவனாகவோ மனைவியாகவோதான் இருக்கவேண்டுமா? கலிஃபோர்னியாவின் அலமீடா வட்டாரத்தில் 1965-இல் ஏறத்தாழ 7000 பேரிடம், லிசா பெர்க்மனும் லெனார்ட் சைமும் பின்னாளில் பயன்படுத்திய விவரங்கள் திரட்டப்பட்டன: மணமானவரா, நண்பர்கள், உறவினர்கள் எத்தனை பேர், தேவாலயத்துக்குப் போவதுண்டா, சங்கம் ஏதாவதில் சேர்ந்திருக்கிறாரா? ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, எந்தத் தொடர்புமே அதிகம் இல்லாத ஆண்கள், தொடர்புகள் மிகுந்தவர்களைப்போல 2.3 மடங்கும் பெண்கள் 2.8 மடங்கும் இறந்திருந்தார்கள். மணமாகாவிட்டாலும் நண்பர்களும் உறவினர்களும் நிறைய இருந்தவர்களின் மரண விகிதம், மணமாகி வெளித்தொடர்பு குறைந்தவர்களின் விகிதத்துக்குச் சமமாக இருந்தது.

2008-இல் ஹுய் லியுவும் அதே டெப்ரா அம்பர்சனும் அமெரிக்காவின் 1972 முதல் 2003 வரையிலான உடல்நலக் கணக்கெடுப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். உங்கள் உடல்நிலை எப்படி என்ற கேள்விக்கு ஒருபோதும் மணமாகாதவர்கள் சொன்ன பதில், ஆண்டுக்காண்டு மணமானவர்களின் பதிலை நெருங்கி வந்திருந்தது. நெருங்கியவர்கள் முக்கியமாக ஆண்கள். முன்பு மனைவியிடம் மட்டுமே கிடைத்த ஆதரவு இப்போது வேறு இடங்களிலும் கிடைக்கிறது என்பது அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. அதே முப்பது ஆண்டுகளில், துணையை இழந்தவர்களுக்கும் பிரிந்தவர்களுக்கும் மணவாழ்வில் இருப்பவர்களுக்கும் நடுவிலிருந்த இடைவெளி கூடியிருந்தது.